ஒழுங்கை மதிலும் கடைக்குள் நிரம்பியே இருக்கும் தண்ணீர்ப் போத்தலும்

கேள்வி: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கை முகப்பில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பெண்பிள்ளைகள் என்னோடு வேலை செய்கிறார்கள். கடை மதிலோடு ஆம்பிளைகள் நாள் முழுக்க வந்து ஒன்றுக்குப் போகிறார்கள். மணம் தாங்க முடியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். "இங்கே சலம் கழிக்க வேண்டாம்" என்று மதிலில் எழுதினேன், பலனில்லை. சாமிப் படம் ஒட்டச் சொல்கிறார்கள். பக்கத்துக் கடை அண்ணையிடம் சொன்னால், "ஆம்பிளையள் அவசரத்துக்கு எங்கை போறது, நீங்கள் பாக்காமல் விடுங்கோ" என்கிறார். எங்கள் கடையில் மலசலகூடம் இல்லை. நாங்கள் மூவரும் காலையில் வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான். ஒரு பிள்ளைக்கு இந்த வருடம் இரண்டு தரம் சலக்கடுப்பு வந்துவிட்டது. நான் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மதிலில் மணக்கிற சலத்தைவிட, உங்கள் மூவரின் உடம்புக்குள் அடக்கி வைத்திருக்கிற சலம்தான் ஆபத்து.

ஆரோக்கியமான ஒருவர் மதிலோரம் சலம் கழித்துவிட்டுப் போவதால் உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எலிக்காய்ச்சல் வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது எலி, மாடு, நாய் போன்றவற்றின் சலம் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் வருவது. ஒழுங்கையில் நடப்பது அருவருப்பு, அவமரியாதை, கடைக்கு நட்டம். இது எல்லாம் உண்மை. ஆனால் மருத்துவக் கணக்கில் பார்த்தால் நோயாளி கடைக்குள்தான் இருக்கிறார்.

வளர்ந்த ஒருவரின் சலப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். 150, 200 சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். இதில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. "ஆம்பிளையளுக்கு அடக்க ஏலாது" என்பது சும்மா கதை. வேறுபாடு இருப்பது சலப்பையிலிருந்து வெளியே வருகிற குழாயில். ஆணுக்கு அது 20 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், பெண்ணுக்கு நாலு சென்ரிமீற்றர்தான். அதனால் வெளியே இருக்கிற ஈ.கோலி போன்ற கிருமிகள் பெண்ணின் சலப்பைக்கு இலகுவாக ஏறிவிடும். அவற்றைக் கழுவி வெளியேற்ற உடம்புக்கு இருக்கிற முக்கியமான வழி, தண்ணீர் குடித்து, நேரத்துக்குச் சலம் கழிப்பது. உங்கள் கடையில் அந்த இரண்டுமே நடப்பதில்லை. காலையில் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிற போத்தல் பின்னேரம் அப்படியே திரும்பிப் போகும், இல்லையா? சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அயன் பெட்டிக்குப் பக்கத்தில் பத்து மணித்தியாலம். சலம் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும், எரியும், அப்புறம் கிருமி. நாளடைவில் சலக்கல்லும் வரலாம்.

ஒரே வருடத்தில் இரண்டு தரம் என்பதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். பார்மசியில் "போன முறை தந்த குளிசையைத் தாங்கோ" என்று வாங்கிப் போடுவதை அந்தப் பிள்ளை நிறுத்த வேண்டும். அரைகுறையாக அன்ரிபயோட்டிக் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், சலத்தைப் பரிசோதித்து, வைத்தியர் சொன்னால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிற கல்ச்சர் பரிசோதனையும் செய்து பார்க்கட்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் நோ, சத்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்கு இது இன்னும் பாரதூரம், குறைமாதப் பிரசவத்துக்குக்கூடக் காரணமாகும்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்று. வேலை செய்கிறவர்களுக்கு மலசலகூட வசதி இருக்க வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் பொறுப்புகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு முதலாளி நீங்கள்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாடகைக் கடையில் இருப்பவருக்குக் கட்டடச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்பதற்கு இதைவிட உறுதியான பிடி கிடையாது. அந்த வரிசையில் இருக்கிற நாலைந்து கடைக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒன்று கட்டித் தரும்படி எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். கட்டினால் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்ட வேண்டும். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம், குழியில் விடுவது வெடிப்புகளால் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, பெரும்பாலும் குடிக்கிறதும் அந்தத் தண்ணீர்தான். இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ) காட்டிக் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். அதுவரைக்கும், நடந்து போகிற தூரத்தில் நல்ல மலசலகூடம் இருக்கிற ஒரு கடையோடோ அலுவலகத்தோடோ பேசி, மாதம் ஒரு தொகை கொடுத்தாவது பிள்ளைகள் போய்வர ஒழுங்கு செய்யுங்கள். இதை இந்தக் கிழமையே செய்யலாம்.

பக்கத்துக் கடை அண்ணை சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து அவருக்கு அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகிற வழியில் மகன் "அம்மா, ஒண்டுக்கு வருது" என்றால், "உந்த வேலிப் பக்கம் திரும்பி நிண்டு இரு" என்கிறோம். மகள் அதையே சொன்னால், "கொஞ்சம் பொறு, வீட்டை போய்ப் பாப்பம்" என்கிறோம். ஒரே தாய், ஒரே நாள், ஒரே வேலி. அந்தப் பையன் வளர்ந்து மதிலைத் தேடுகிறான். அந்தப் பிள்ளை வளர்ந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் மணக்கிறது என்று காலையில் பிளேன்ரீயும் குடிக்காமல் போகிற மாணவிகளை நீங்களும் அறிவீர்கள்.

கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வழியில் இருட்டான இடத்தில் நிற்பாட்டினால் ஆண்கள் இறங்கி வரிசையாக நின்றுவிட்டு, கையைச் சறத்தில் துடைத்துக்கொண்டு ஏறுவார்கள். பெண்கள் யன்னல் சீலையை இழுத்துவிட்டு இருப்பார்கள். ஒரு பெண் எழும்பிப் போய் நடத்துநரிடம் கேட்டால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அதனால் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டு ஏறுகிற அம்மாமார் எத்தனையோ பேர். அதில் நீரிழிவுக்காரர்களும் இருக்கிறார்கள், அடக்கவே கூடாதவர்கள்.

இது எங்கள் ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் தெருவில் சலம் கழித்ததற்காக 2015இல் ஒரு பெண்ணுக்குத் தண்டம் விதித்தார்கள். கிட்ட இருந்தது ஆண்கள் நின்று போகிற கழிப்பிடம் மட்டும். 2017இல் வழக்கு வந்தபோது, அதைப் பாவித்திருக்கலாமே என்று நீதிபதி சொன்னார், பெண்கள் கொதித்தெழுந்தார்கள். மும்பையில் பொதுக் கழிப்பிடத்தில் ஆண்கள் ஒன்றுக்குப் போவது இலவசம், பெண்களுக்குக் காசு என்று இருந்தது. அதை எதிர்த்து 2011இல் பெண்கள் அமைப்புகள் இயக்கமே நடத்தின.

அண்ணையின் வாதத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. ஐம்பது, அறுபது தாண்டிய ஆண்களுக்குப் புரொஸ்ரேற் சுரப்பி வீங்கி, வந்தால் உடனே போக வேண்டிய நிலை இருக்கும். நீரிழிவுக்காரருக்கும் அப்படித்தான். பஸ்ஸால் இறங்கி, கழிப்பிடம் பூட்டிக் கிடந்தால் அந்த ஐயா எங்கே போவார்? ஆனால் உங்கள் மதிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஐயாமாரா? இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பெரும்பாலும் அதே முகங்களாக இருக்கும். பக்கத்துக் கடைகளில் வேலை செய்கிற பெடியன்கள், ஓட்டோக்காரர், சாமான் இறக்க வருகிறவர்கள். தங்கள் கடைக்குள்ளேயே மலசலகூடம் இருந்தும், மதில் கிட்ட என்பதால் வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களோடு பேசலாம். அவர்களின் முதலாளிமாரோடு கட்டாயம் பேசலாம். நீங்கள் தனியே போகாமல், வரிசைக் கடைக்காரர் இரண்டு மூன்று பேரோடு போங்கள். அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். "பாக்காமல் விடுங்கோ" என்றவரிடம் நேரே கேளுங்கள்: எங்கள் கடைப் பிள்ளைகள் இதே மதிலோடு ஒன்றுக்கு இருந்தால் ஊர் பாக்காமல் விடுமோ? செய்கிறவர் தலை நிமிர்ந்து போக, கண்ணில் பட்ட பெண் தலை குனிந்து போவது எந்த நியாயம்? அவர் யோசிப்பார்.

சாமிப் படம் வேண்டாம். படம் இருக்கிற இடத்தை விட்டுப் பத்து அடி தள்ளிப் போவார்கள், அவ்வளவுதான். மழைக்குக் கிழிந்து அந்தப் படமும் அதே சேற்றில் விழும். வருகிறவர்களைப் படம் எடுத்து முகநூலில் போடுகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதனால் உங்களுக்குத்தான் வில்லங்கம் வரும்.

இருட்டும் மறைவும் ஏற்கெனவே மணக்கிற நாற்றமும்தான் "இது அதுக்கான இடம்" என்று ஆட்களைக் கூப்பிடுகின்றன. அதனால் இடத்தை மாற்ற வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரத் தூள் போட்டு, தும்புக்கட்டையால் மதிலையும் நிலத்தையும் நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள். கழுவாமல் சலத்தின் மேல் நேரே பிளீச்சிங் பவுடர் கொட்டாதீர்கள். சலத்தின் அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கிற வாயு வரும். கழுவிக் காய்ந்த பிறகு வெள்ளை அடியுங்கள். மதிலோரம் சாய்த்து வைத்திருக்கிற பழைய தகரம், மட்டை எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரவில் எரிய ஒரு லைற் போடுங்கள். கடைக்கு அந்தப் பக்கம் யன்னல் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். நாலைந்து பூச்சாடிகள் வைத்து, காலையில் ஒரு ஆள் தண்ணீர் விட்டால் அதுவும் உதவும்.

ஆனால் போக ஒரு இடம் இல்லாவிட்டால் உங்கள் மதில் தப்பும், அடுத்த ஒழுங்கைக்காரர் எனக்கு எழுதுவார். பொதுக் கழிப்பிடம் அமைத்துப் பராமரிப்பது மாநகரசபையின் வேலை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வருகிற சனத்துக்குத் தற்காலிகக் கழிப்பிடம் வைக்க முடிகிறபோது, தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிற பஸ் நிலையச் சூழலில் வருடம் முழுக்க ஏன் முடியாது?

மாநகரசபை ஆணையாளருக்குக் கடிதம் எழுதுங்கள், அதன் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அனுப்புங்கள். "ஆண்கள் சலம் கழிப்பதைத் தடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் இரண்டு நாள் பொலிஸ் நிற்கும், மூன்றாம் நாள் பழையபடி. கேட்க வேண்டியதை விவரமாகக் கேளுங்கள். கடைசி பஸ் போகும் வரை திறந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்தில் உள்ளே போடுகிற கொண்டி, லைற், தண்ணீர், சீலையையோ பையையோ மாட்ட ஒரு கொழுக்கி, மாதவிடாய்த் துணி போட மூடியுள்ள வாளி வேண்டும். இரு பாலாருக்கும் ஒரே கட்டணம். பெண்களுக்கு அறைகள் கூடுதலாக வேண்டும் என்றும் எழுதுங்கள். சீலை, சுடிதாரோடும் கைப்பிள்ளையோடும் போகிற பெண்ணுக்கு ஆணைவிட நேரம் கூட எடுக்கும். ஒரே பரப்பளவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால், நின்று போகிற இடம் குறைவான பரப்பைப் பிடிப்பதால் ஆண்கள் பக்கம் அதிகம் பேர் போகலாம், பெண்கள் பக்கம் வரிசை நிற்கும். துப்புரவு செய்கிறவருக்குக் கையுறை, சப்பாத்து கொடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அவரும் ஒரு மனிதர், பல இடங்களில் அவரும் ஒரு பெண்.

ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒதுங்கிச் சலம் கழிக்கிறவர் வேறு, பெண் பிள்ளைகள் போகிற நேரம் பார்த்துத் திரும்பி நின்று காட்டுகிறவர் வேறு. இரண்டாவது பாலியல் தொந்தரவு. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அப்படி நடந்தால் பேச்சுவார்த்தை வேண்டாம். 119க்கோ பெண்களுக்கான 1938க்கோ அழையுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், "பாக்காமல் வா" என்று சொல்லி வளர்த்ததால் அவர்கள் இதையும் உங்களிடம் மறைக்கக்கூடும்.

கடிதத்தில் உங்கள் பெயரை முதலாவதாகப் போடுங்கள். பெண் ஒருத்தி இதை எழுதுவதா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், அந்த இடத்தில் கடை வைத்திருப்பது நீங்கள். கீழே வரிசைக் கடைக்காரர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகரசபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். நகரில் எத்தனை பொதுக் கழிப்பிடம், அதில் பெண்களுக்கு எத்தனை அறை, எத்தனை மணிக்குத் திறந்து பூட்டுகிறார்கள், பராமரிப்பு யார் பொறுப்பில் என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். முதல் கடிதத்தைக் கொடுக்கும்போதே உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் குத்தி வாங்கி வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.