கசின்னா யாரு?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்ப பெங்களூர்ல இருக்கோம். மூணாங்கிளாஸ் படிக்கிற பையனுக்கு ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ சார்ட் செய்யச் சொல்லியிருக்காங்க. அதுல கசின்ஸ்னு ஒரு கட்டம். தமிழ்லயும் எழுதணும். கசினுக்கு சரியான ஒரே தமிழ் வார்த்தை என்ன? என் மாமியார் ஆளுக்கு ஒரு முறை சொல்லி பையனைக் குழப்புறாங்க. இந்த முறையெல்லாம் சொந்தத்துல பொண்ணு எடுக்க வச்சதுதானே, அதுவே குறைஞ்சு போச்சு, இன்னும் எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரங்களை அங்கிள், ஆன்ட்டின்னு கூப்பிடுறது தப்பான்னும் சொல்லுங்க. (பேர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

பக்கத்து வீட்டுக்காரங்களை அவங்க மனசு கோணாம எப்படி வேணாலும் கூப்பிடுங்க. சொந்தத்துல கல்யாணம் வேண்டாம்னா ரொம்ப நல்லது, டாக்டர்களும் அதைத்தான் சொல்லுதாங்க. ஆனா கசினுக்கு ஒரே வார்த்தை கேட்டீங்க பாத்தீங்களா, அங்கதான் எனக்கு சுருக்குன்னு தச்சுது, ஏன்னா ரெண்டு மாசமா இந்த வார்த்தையத்தான் நான் மனசுக்குள்ள போட்டு உருட்டிட்டு இருக்கேன்.

ஒரே வார்த்தை கிடையாதும்மா. சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்கு அண்ணன் தம்பி. அத்தை மகனும் மாமா மகனும் அத்தான், மச்சான். அத்தை மகள் மூத்தவன்னா மைனி. இதுல என்ன குழப்பம்? பதினஞ்சாம் வாய்ப்பாடு சொல்லுத பிள்ளைக்கு பத்து முறை தெரிஞ்சா மண்டை வெடிச்சிருமா? உங்க மாமியார் சொல்லிக்கொடுத்தப்ப நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கணும், அதை விட்டுட்டு குழப்புறாங்கன்னு எனக்கு எழுதுதீங்க. இந்தக் காலத்துல பேரனைக் கூப்பிட்டு உக்காரவச்சு முறை சொல்லித்தர எத்தனை வீட்ல ஆள் இருக்கு சொல்லுங்க.

அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. லத்தீன்ல கான்சோப்ரினஸ்னு ஒரு சொல், முதல்ல அதுக்கு அம்மா கூடப்பிறந்தவளோட பிள்ளைன்னுதான் அர்த்தம், அதாவது நம்ம பெரியம்மா சித்தி மக்க. பெரியப்பா சித்தப்பா பிள்ளைக்கு வேற சொல், அத்தை மாமா பிள்ளைக்கு வேற சொல்னு நம்மளை மாதிரியே பிரிச்சு வச்சிருந்திருக்காங்க. பிறவு எல்லாம் உதிர்ந்து ஒன்னு மட்டும் தங்கி, அதுவும் ஃப்ரெஞ்சுல தேஞ்சு, 1066ல ஃப்ரெஞ்சு பேசுன நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் இங்கிலீஷுக்குள்ள வந்துட்டு. ஷேக்ஸ்பியர் காலத்துல அண்ணன் மகனைக்கூட கசின்னு கூப்பிட்டிருக்காங்க. அங்கிளும் அப்படித்தான், அவுங்குலஸ்னா தாய்மாமன் மட்டும், சித்தப்பா கிடையாது. லூயிஸ் ஹென்றி மார்கன்னு ஒரு அமெரிக்க வக்கீல், அங்கத்த இராகுவாய் பழங்குடி மக்களோட உறவுமுறையை எழுதி எடுத்து நம்ம தமிழ் முறையோட பக்கத்துல வச்சுப் பாத்து, 1871ல புத்தகமாவே போட்டார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்னுபோல இருந்திருக்கு, அப்பாவோட தம்பியும் அப்பா, அம்மாவோட அக்காவும் அம்மா.

டிக்‌ஷனரியைப் பாத்து ஒன்றுவிட்ட சகோதரர்னு மட்டும் எழுதிராதீங்க. இங்கிலீஷ்ல ஒன்ஸ் ரிமூவ்ட்னா ஒரு தலைமுறை தள்ளி, அப்பாவோட கசின் மாதிரி. நம்ம ஒன்னுவிட்டங்கது ஒரே தலைமுறை. அதுவும் வெளியாளுக்கு விளக்கம் சொல்லுததுக்கு உள்ள வார்த்தை. யாராவது "ஒன்னுவிட்ட அண்ணே, சாப்பிட வா"ன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?

அந்த வார்த்தையை நான் ஒருதடவை சொல்லிட்டேன். எங்க ஊர் முக்கூடல் பக்கம். பெரியம்மா பீடி சுத்துனா, ஒரே மகன், எனக்கு நாலு வயசு மூத்தவன், ஒன்பதோட படிப்பை நிறுத்திட்டு பலசரக்குக் கடைக்குப் போயிட்டான். நான் காலேஜ் படிச்ச ஹாஸ்டல் பணம் பெரியம்மா பீடிக்காசும் அவன் கடைச் சம்பளமும்தான். எனக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்ச புதுசு, ஒருநாள் சொல்லாம கொள்ளாம ஆபீஸுக்கே வந்துட்டான், கையில மஞ்சப்பை, உள்ள பனங்கிழங்கும் கருப்பட்டியும், ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்ததுல வேட்டி கசங்கிக் கிடக்கு. யாருன்னு மேனேஜர் கேட்டார். மை கசின்னு சொன்னேன். பிரதர்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? அந்த வேட்டியும் மஞ்சப்பையும் எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அதான், வேற ஒன்னுமில்ல. சாயங்காலம் எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏத்திவிடப் போனேன். பிளாட்பாரத்துல கேக்கான், "கசின்னா என்னடே?" ஒன்னுவிட்ட அண்ணன்னு அர்த்தம்ணேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பிறவு மெதுவா, "எதைலே விட்டோம்?"ன்னான்.

வண்டி போயிட்டு. இருபது வருசமா அதுக்கு நான் பதில் சொல்லல.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பெரியம்மா தவறிட்டா. லீவு கேட்டா, இறந்தது யாரு, ஆன்ட்டியா, ஆன்ட்டிக்கு லீவு கிடையாது, அப்பா அம்மாவுக்குத்தான்னு சொல்லுதாங்க. சம்பளம் போனாப் போகுதுன்னு ஓடினேன். நீர்மாலைக்குக் கிளம்புத நேரம், நான் கூட்டத்துக்குப் பின்னால நிக்கேன். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சத்தம் போடுதார், "மூத்தவன் நிக்கான், இளைய மவன் எங்கடே?" பெரியம்மாவுக்குத்தான் ஒரே மகனாச்சே, யாரைக் கேக்காருன்னு எனக்கு வெளங்கல. அண்ணன் திரும்பி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். வெள்ளை வேட்டியை நாலு பேரு மேல விரிச்சுப் பிடிக்க, அதுக்குக் கீழ அவன் முன்னால நான் பின்னால, ஆத்துக்குப் போய் தண்ணி எடுத்துட்டு வந்தோம். மொட்டை எனக்கும் போட்டாங்க. மருமகன்மாருக்கு வேற வேலை இருந்துச்சு, பிறந்த வீட்டுக்காரங்க கோடித்துணி கொண்டு வந்தாங்க, யாரும் யாரையும் என்ன செய்யணும்னு கேக்கல, முறை தெரிஞ்சா வேலை தெரிஞ்சிரும். கசினுக்கு அந்த வீட்ல எந்த இடம், சொல்லுங்க பாப்போம். வாசல்ல நாற்காலி போட்டு காப்பி குடுத்து உக்காரவச்சிருப்பாங்க.

உங்க பையன் சார்ட் பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் ஆச்சிகிட்ட குடுங்க. அவங்க ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். கட்டம் பத்தாது, கீழ இன்னொரு பேப்பர் ஒட்டிக்கோங்க.