சாவி கைமாறும் நாள்: வாடகை வீட்டுக் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

பிள்ளைகளின் தேர்வு முடிந்த பிறகு, ஆடி பிறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. அந்த மாதங்களில் என் மேசைக்கு வருகிற கடிதங்களில் கோபம் சற்று அதிகமாகவே இருக்கும். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து ஐம்பது நாளாகிறது. வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ஆணி அடித்ததற்கு 5,000, குழாய்களுக்கு 2,000 பிடித்துக்கொள்வாராம் வீட்டுக்காரர். மீதியும் அடுத்த ஆள் வந்த பிறகுதானாம். — மடிப்பாக்கம் வாசகி

அடுத்த ஆள் வருவது வீட்டுக்காரர் கவலை, உங்கள் கவலை அல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். நம் ஊரில் எல்லாரும் வேறு மாதிரிதான் எழுதிக்கொள்கிறார்கள்!

எந்தச் செலவு யாருடையது என்பதற்கு அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்த் தடத்தையும் மின்கம்பிகளையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், ஸ்விட்ச், உடைந்த கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே அந்த 2,000 ஒழுகும் குழாய்க்கானது என்றால் கொடுத்துவிடுங்கள். பெயிண்டிங் பணம் அப்படியல்ல. ஆனால் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குக் கழித்துக்கொள்ளலாம்' என்று நீங்களே பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் அட்டவணை உதவாது. முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி விஷயத்தில், இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்பதே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலிருந்து வரும் நிலை. நாள்காட்டி மாட்டிய ஆணியும், அலமாரி பொருத்தத் துளைத்த எட்டுப் பெரிய ஓட்டைகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை: சாவியை என்றைக்கு, யாரிடம் கொடுத்தீர்கள்? அந்த ஒரு மாதம் அன்றுதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் எடுத்து வையுங்கள். பிறகு கணக்கு விவரமும் வங்கி எண்ணும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கழிப்பதற்கெல்லாம் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதும் தொகை இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நண்பர் வாடகைக்கு வீடு எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் பதினொரு மாதம், வாடகை 12,000. அது முடிந்ததும் 14,000 ஆக உயர்த்தி அவர்கள் இருவரும் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. முதல் ஒப்பந்தத்தில் இரண்டு மாதம், அடுத்ததில் ஐந்து மாதம் பாக்கி வைத்துவிட்டு நண்பர் வெளிநாடு போய்விட்டார். அட்வான்ஸ் 60,000 அவருக்கே திரும்பிப் போய்விட்டது. உரிமையாளர் என்னிடம் 94,000 கேட்கிறார். — கோவை வாசகர்

நட்புக்காகப் போட்ட கையெழுத்து என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். 'முதலில் அவரைப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று நீங்கள் சொல்ல முடியாது. உரிமையாளர் நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். அது கெட்ட செய்தி.

நல்ல செய்தி இரண்டு. முதலாவது, நீங்கள் ஜாமீன் நின்றது 12,000 ரூபாய் வாடகைக்கும் பதினொரு மாதத்துக்கும். உங்கள் சம்மதமில்லாமல் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிறகு வரும் பொறுப்பிலிருந்து ஜாமீன்தாரர் விடுபடுகிறார். இது 133ஆம் பிரிவு. இங்கே பத்திரமே புதியது, அதில் உங்கள் கையெழுத்தும் இல்லை. ஆக, அந்த ஐந்து மாதப் பாக்கியான 70,000 உங்களுடையதல்ல. மிஞ்சுவது 24,000.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஜாமீன் எழுதிய நேரத்தில் உரிமையாளர் கையில் ஏதாவது பிணைப்பொருள் இருந்தால், அதன் பலன் ஜாமீன்தாரருக்கும் உரியது. அதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் கைவிட்டால், அந்த மதிப்பளவுக்கு நீங்கள் விடுபடுகிறீர்கள் என்கிறது 141ஆம் பிரிவு. பாக்கி நிற்கும்போதே 60,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது உரிமையாளரின் பெருந்தன்மை. அதற்கான விலையை உங்களிடம் வசூலிக்க முடியாது என்று வலுவாக வாதிடலாம். அந்த வாதம் நின்றால் 24,000-மும் மிஞ்சாது.

ஜாமீன் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். 'ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டாலும் என் பொறுப்பு தொடரும்' என்றோ, மேலே சொன்ன உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகவோ ஒரு வாக்கியம் இருந்தால் கதை மாறிவிடும். அச்சடித்த படிவங்களில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். எதையாவது கட்ட நேர்ந்தால், கட்டியதை நண்பரிடமிருந்து வசூலிக்க 145ஆம் பிரிவு உரிமை தருகிறது. வெளிநாட்டில் இருப்பவரிடம் அதை நடைமுறைப்படுத்துவது எளிதல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சாட்சியாகக் கையெழுத்திட்டேன். பாக்கிக்கு நானும் பொறுப்பா? — தஞ்சாவூர் வாசகர்

இல்லை. அவர்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தீர்கள் என்பதற்கு மட்டுமே நீங்கள் சாட்சி. உங்கள் பெயருக்கு மேலே 'சாட்சி' என்றுதான் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

ஐந்து லட்சத்துக்கு ஒத்திக்கு வீடு எடுத்தோம். கெடு முடிந்து நான்கு மாதமாகிறது. 'பணம் இல்லை, நீங்களே வேறு ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார் வீட்டுக்காரர். — மதுரை வாசகி

சென்னையில் 'லீஸ்', உங்கள் ஊரில் ஒத்தி. மாத வாடகை கிடையாது, கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும் என்பது ஏற்பாடு. உங்கள் ஐந்து லட்சம் வீட்டுக்காரரின் பெட்டியில் தூங்குவதில்லை. வாங்கிய அன்றே கடனுக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும். அடுத்தவர் தரும் பணத்தில்தான் அவர் உங்கள் கணக்கை முடிப்பார்.

முறையான போக்கியப் பத்திரம், அதாவது வீட்டை அனுபவிக்கும் உரிமையுடன் கூடிய அடமானப் பத்திரம், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்படி இருந்தால் பணம் வரும்வரை வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படியே உங்களுக்கு உண்டு. 20 ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதியது என்றால் அந்தப் பலம் இல்லை. ஆனால் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கும்வரை கடன் கடன்தான். வழக்குத் தொடர மூன்று ஆண்டு வரம்பு உண்டு. அதற்குள் 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து மறுபடியும் மூன்று ஆண்டு. அந்தக் கடிதத்தை இன்றே வாங்குங்கள்.

ஆள் பிடித்துத் தருவதில் தவறில்லை. பத்திரம் மட்டும் அவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே இருக்கட்டும். நீங்கள் நடுவில் கையெழுத்திட்டால் நாளை அந்தக் குடும்பம் உங்களைத்தான் கேட்கும். பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு சாவி. ஒரு நாள் முன்னதாகவும் வேண்டாம். ஒரு வில்லங்கச் சான்றிதழும் எடுத்துப் பாருங்கள். வீடு வங்கிக்கு அடமானத்தில் இருந்தால் உடனே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்தும் குடித்தனக்காரர் நகரவில்லை. மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்கிறான் என் மகன். — தாம்பரத்தில் வீட்டு உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, மகனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவர் புகார் கொடுத்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவு வரும். இதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது, அன்றோடு கைமாறிவிடும். பூட்டுப் போடுவதும் அப்படியே.

உங்களுக்கு வேறு ஆயுதம் இருக்கிறது. அறிவிப்பாலோ ஒப்பந்தப்படியோ குடியிருப்பு உரிமை முறிந்த பிறகும் காலி செய்யாதவரிடம், மாத வாடகையைப் போல இரு மடங்கை ஈட்டுத்தொகையாகக் கேட்கலாம். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் வாடகை நீதிமன்றம். இதற்கிடையில் அவர் வழக்கம்போல் பழைய வாடகையைக் கணக்கில் போட்டால், 'வாடகையாக அல்ல, வீட்டைப் பயன்படுத்தியதற்கான ஈட்டுத்தொகையில் ஒரு பகுதியாகவே பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுத்தில் தெரிவியுங்கள். பேசாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், நீங்கள் சம்மதித்துக் குடியிருப்பை நீட்டித்ததாக அவர் தரப்பு வாதிடும்.

மின் கணக்கெடுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நடுவில் காலி செய்தால் கரண்ட் பில் யார் கட்டுவது? — திருச்சி வாசகர்

காலி செய்யும் நாள்வரை நீங்கள். மீட்டரைத் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து, உரிமையாளருக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அடுத்து வருபவரின் ஏசியும் அதே பில்லில் ஏறினால் யூனிட் விலையின் படிநிலை கூடிவிடும். அந்த உயர்வு உங்கள் அட்வான்ஸில் கழியாமல் இருக்க அந்தப் படம்தான் சாட்சி.