வீட்டிலேயே படிக்கும் 14 வயதுப் பிள்ளைக்கு இலக்கியமும் கட்டுரையும் எப்படிச் சொல்லித்தருவது?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்கும் 14 வயது மகளுக்கு, அமெரிக்காவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எடுக்கிற இலக்கிய, கட்டுரை ஆன்லைன் கோர்ஸ் வாங்கலாமா, நாமே சொல்லித்தரலாமா என்று. நான் தண்டையார்பேட்டையில் என் மகளுக்கு வீட்டில்தான் சொல்லித்தருகிறேன். நீங்களே சொல்லித்தரலாம், தமிழில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில்.

அந்த கோர்ஸ்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே படிப்பைக் கணக்கிடும் அலகான ஒரு ‘கிரெடிட்’ என்பது ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு. மதிப்பெண் பட்டியலைக்கூடப் பல வீடுகளில் பெற்றோரே தயாரித்துக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். நமக்கு அது ஒத்துவராது. இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது: 14 வயது நிறைந்தால் சேரலாம், மொழிப்பாடம் உட்பட 5 பாடம், 33 சதவீதம் எடுத்தால் பாஸ், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, முடிக்க 5 ஆண்டு அவகாசம். தமிழையே மொழிப்பாடமாக எடுக்கலாம். அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. படிப்பதையும் எழுதுவதையும் அவர்கள் பிரிப்பதில்லை. நம்மிடம் செய்யுள் தனி, கட்டுரை தனி. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலேயே பிள்ளை மூன்று பக்கம் எழுதிவிடும்.

நாங்கள் முதலில் எடுத்தது சங்கப் பாடல் தொகுப்பான நற்றிணையில் 45ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியாத 11 அடிப் பாட்டு. தேரில் வரும் செல்வர் வீட்டுப் பையன் ஒரு மீனவப் பெண்ணை விரும்பி வந்து நிற்கிறான். தோழி சொல்கிறாள்: இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிப்பவர்களின் மகள்; நீ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள பழைய ஊரின் செல்வன் மகன். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டும் எங்களுக்கு அழகு எதற்கு? ‘புலவு நாறுதும், செல நின்றீமோ!’ எங்கள்மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில்லுங்கள். கடல் தரும் எங்கள் ‘சிறு நல் வாழ்க்கை’ உங்கள் வாழ்க்கைக்கு ஒப்பாகாது. ஆனால் எங்களவர்களிலும் பெரியவர்கள் உண்டு.

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? கருவாடு காயப்போட்டுவிட்டுக் குச்சியோடு காக்கா விரட்டும் ஆயாவைத் தெரியும். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறும் பெண்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களையும் தெரியும்.

அப்படியிருந்தும் மகள் முதலில் எழுதிவந்தது, ‘இப்பாடல் சங்ககால மக்களின் வாழ்வியலை அழகுற எடுத்துரைக்கிறது.’ எந்தப் பாட்டுக்கும் ஒட்டவைக்கலாம் இந்த வரியை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: தோழி அவனை நிஜமாகவே போகச் சொல்கிறாளா? எந்த அடியை வைத்துச் சொல்கிறாய்? எங்களோடு சேர்ந்து படிக்கும் எதிர்வீட்டுப் பையன், ஆமாம், அவமானம் பொறுக்காமல்தான் விரட்டுகிறாள் என்றான். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல சண்டை. அப்புறம்தான், தோழி தலைவனைச் சேட்படுத்துவதாக, அதாவது எட்ட நிறுத்துவதாக, பழைய துறைக்குறிப்பு (பாட்டின் சூழலைச் சொல்லும் குறிப்பு) சொல்வதைக் காட்டினேன். அடுத்த வரைவில் மகள் எழுதினாள்: ‘விரட்ட நினைப்பவள் நாற்றத்தோடு நிறுத்தியிருப்பாள். எங்களிலும் பெரியவர்கள் உண்டு என்று கடைசி அடியில் சொல்வது, அவன் நின்று கேட்க வேண்டும் என்பதற்காக.’ எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு பதில் சாத்தியமான கேள்வியாகப் பார்த்துக் கொடுங்கள். முதல் வரைவில் என்ன சொல்ல வருகிறாள் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் அதற்குப் பாட்டில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றுப்பிழை, ல-ழ-ள எல்லாம் மூன்றாவதில் போதும். முதலிலேயே சிவப்பு மையை எடுத்தால் பிள்ளை பிழை வராத சின்ன வாக்கியமாகத் தேடி ஒளிந்துகொள்ளும். ஆங்கிலக் கட்டுரைக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

வீட்டுப் படிப்பின் பெரிய குறை, பிள்ளை எழுதுவதைப் படிக்க அம்மா மட்டுமே இருப்பது. நாம் பாதி சொன்னாலே புரிந்துகொள்வோம், அதுதான் கெடுதல். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, வாரம் ஒருநாள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிக்கவிடுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை.

பாட்டோடு நிறுத்த வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்தச் செய்திகளை இரண்டு பத்திரிகைகளில் படித்து, எது நடந்தது, எது யாரோ சொன்னது என்று பிரித்து எழுதச் சொல்லலாம். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு, கந்தகோட்டத்து முருகனை அவர் பாடிய தெய்வமணிமாலையில் ஒரு பாட்டு எடுக்கலாம். இப்படி ஆண்டுக்கு ஏழெட்டு எடுத்து நிதானமாகப் போனாலே தாராளம். சங்கப் பாடல்கள் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் மகளைக் கூட்டிப்போங்கள்.

அதற்குப் பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியர் திருத்திய ஒரு மாதிரிக் கட்டுரையைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கேள்விகள் இருந்தால் சேருங்கள். மார்க்கும் ஒரு ‘வெரி குட்’டும் மட்டும் இருந்தால், அந்தப் பணத்தில் நல்ல உரையோடு ஒரு நற்றிணைப் பதிப்பு வாங்கிவிடுங்கள்.