பதில்: செயின் செட் புதுசு, ஆனாலும் கியர் போட்டால் ‘டக்’ சத்தம்

நண்பரே, பைக்கில் செயின் செட் (செயினும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களும்) மாற்றி 3 மாதம்தான் ஆகிறது, கியர் போட்டால் ‘டக்’ என்று சத்தம், அதற்குள் மறுபடி மாற்றச் சொல்கிறார் மெக்கானிக் என்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் வண்டி உதறி, பின்னால் ‘டக்’ என்று கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது கப்ளிங் ரப்பர் மேல்தான். பின்சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) நடுவில் இருந்து இழுவையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அது. பலர் செயினை மாற்றுகிறார்கள், இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்ப்ராக்கெட் நிற்க, சக்கரம் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. செயின் செட் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

அப்புறம் நியூட்ரலில் போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றி, கீழ்ச் செயினின் நடுவில் தொய்வு பாருங்கள். ஒரு இடத்தில் விறைப்பு, இன்னொரு இடத்தில் தொளதொள என்றால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். இதை இன்ஜின் ஓடும்போது செய்யவே செய்யாதீர்கள், விரல் போய்விடும்.

ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் சின்ன ரப்பர் வளையம் உள்ளது) என்றால் பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம், ரிங் கெட்டுவிடும். செயினுக்கு எண்ணெயை, வண்டி ஓட்டி வந்து இன்ஜினை அணைத்தபின், அந்தச் சூட்டோடு விடுங்கள். மழையில் ஓட்டினால் அன்றே விடுங்கள்.

ரப்பரைப் பார்த்துவிட்டு என்ன நிலை என்று இங்கே எழுதுங்கள்.