கறுப்புத் திரையில் பாடும் கோப்புகள்: டிராக்கர் இசை பற்றிச் சில கேள்வி பதில்கள்

போன சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில், பழைய மடிக்கணினி ஒன்றில் டிராக்கர் பாட்டுகள் சிலவற்றைப் போட்டுக் காட்டினேன். டிராக்கர் என்பது சுரங்களை வரிவரியாக எழுதிப் பாட்டு உண்டாக்கும் மென்பொருள். அதன் பழைய கோப்பு வகைக்குப் பெயர் மொட். அட்டைப்படம் இல்லை, அழுத்தப் பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்தும் எண்ணும் ஓட, பாட்டு மட்டும் கேட்டது. அன்றைக்கும் பிறகும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

உப்புவெளி, ஏ.எல். மாணவர்: அண்ணா, மொட் கோப்பும் எம்பி3 மாதிரி ஒரு பாட்டுக் கோப்புத்தானே? அதற்கு ஏன் தனிப் பிளேயர்?

இல்லை தம்பி, இரண்டும் வேறு சாதி. எம்பி3 என்பது பாடி முடித்த பாட்டின் ஒலிப்பதிவு. மொட் கோப்பு என்பது கூத்துக் கொப்பி மாதிரி. எந்த இடத்தில் எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு சத்தம் என்று வரிவரியாக எழுதிய கொப்பி. அந்தக் கொப்பியோடு மத்தளமும் சல்லாரியும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் எப்படியோ, அப்படி வாத்தியங்களின் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளும் அதே கோப்புக்குள் இருக்கும். அவற்றைச் சாம்பிள் என்போம். பிளேயர்தான் அண்ணாவியார். ஒவ்வொரு முறையும் கொப்பியைப் பார்த்துப் புதிதாக ஆட்டுவிக்கிறது.

இது தொடங்கியது 1987இல். கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பவர் கொமடோர் அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். அமிகாவின் ஒலிச் சில்லுக்குப் பெயர் போலா. அது ஒரே நேரத்தில் நான்கு 8 பிட் ஒலிகளை இசைக்கும். அதனால்தான் பழைய மொட் கோப்பில் நான்கு தடங்கள். பாட்டின் ஒரு பகுதியைப் பட்டர்ன் என்போம். ஒரு பட்டர்னில் 64 வரி, ஒவ்வொரு வரியிலும் நான்கு தடம், தடத்துக்கு 4 பைட். பெருக்கிப் பார், சரியாக 1,024 பைட். கிட்டத்தட்ட எட்டு வினாடி இசைக்கான எழுத்து ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மீதி இடம் எல்லாம் சாம்பிள்களுக்குத்தான். மூன்று நிமிட எம்பி3 ஒன்று 128 கிலோபிட் தரத்திலேயே 2.9 மெகாபைட் வரும். பல மொட் கோப்புகள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதே மாணவர்: எதை நிறுவுவது?

லினக்ஸ் வகைகளான உபுண்டு அல்லது டெபியன் என்றால், கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்எம்பி ஓப்பன்எம்பிடி123" என்று அடியுங்கள். இரண்டும் வந்துவிடும். இரண்டையும் வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். விண்டோஸுக்கும் ஓப்பன்எம்பிடி123 கிடைக்கிறது. மிக்மொட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது டெர்மினலுக்குள்ளேயே முழுத்திரையாக விரியும்.

பாட்டை உள்ளே பார்க்க எனக்குப் பிடித்தது எக்ஸ்எம்பி. "எக்ஸ்எம்பி", ஒரு இடைவெளி, கோப்பின் பெயர். அவ்வளவுதான். பாட்டு ஓடும்போது இடைவெளி விசை நிறுத்தி வைக்கும், கியூ வெளியேற்றும், வலது இடது அம்புக்குறிகள் பாட்டில் முன்னும் பின்னும் தாண்டும். ஐ அழுத்தினால் சாம்பிள்களின் பட்டியல் வரும். அதைக் கட்டாயம் பாருங்கள். மொட் கோப்பில் ஒவ்வொரு சாம்பிள் பெயருக்கும் 22 எழுத்து இடம் உண்டு. அந்தக் காலத்து இசைக்காரர்கள் அங்கே பெயர் வைக்காமல் நண்பர்களுக்கு வணக்கம் சொன்னார்கள், தங்கள் முகவரி எழுதினார்கள், பாட்டை எப்போது முடித்தார்கள் என்று எழுதினார்கள். பாட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கடிதம் அது. எம்பி3 ஆக மாற்றினால் அது போய்விடும்.

இன்னொன்று, எண் விசைகள். 1 அழுத்தினால் முதல் தடம் ஊமையாகும், 2 அழுத்தினால் இரண்டாவது. ஆச்சரியக்குறி அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும். நான் இசை கற்றதே இப்படித்தான். மூன்று தடங்களை ஊமையாக்கிவிட்டு, பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டிருக்கிறேன். அப்புறம் டிரம்மை மட்டும் சேர்ப்பேன். ஒலிப்பதிவான பாட்டில் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. இங்கே ஒரு விசை போதும்.

நிலாவெளி, விடுதி வரவேற்பில் வேலை செய்பவர்: இரவு வேலையில் ஹெட்போனில் கேட்கிறேன். பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. ஒரு காதில் டிரம், மறு காதில் மெட்டு.

உங்கள் ஹெட்போனில் பிழை இல்லை. அமிகாவில் 1ஆம், 4ஆம் தடங்கள் முழுக்க இடப்பக்கம், 2உம் 3உம் முழுக்க வலப்பக்கம். அறையில் ஸ்பீக்கரில் கேட்கும்போது காற்றில் கலந்துவிடும். ஹெட்போனில் கலக்காது.

"ஓப்பன்எம்பிடி123 --ஸ்டீரியோ 30" என்று போட்டுப் பிறகு கோப்பின் பெயரைக் கொடுங்கள். 100 என்பது பிளேயரின் வழக்கமான அளவு, 0 என்றால் இரு காதிலும் ஒன்றே. 25க்கும் 40க்கும் இடையில் எங்காவது உங்கள் காதுக்குச் சரி வரும். முழுதாக 0 ஆக்க வேண்டாம், பாட்டு தட்டையாகிவிடும்.

கிண்ணியா, கணினி திருத்துபவர்: நானா, ஒரு சில பழைய கோப்புகள் மட்டும் தாறுமாறான வேகத்தில் ஓடுகின்றன. கோப்பு பழுதா?

பழுது இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது நல்ல விஷயம்.

டிராக்கர் பாட்டின் நேரத்தை "டிக்" என்ற அளவால் எண்ணுவார்கள். ஐரோப்பிய அமிகா திரை வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கும். ஆரம்ப டிராக்கர்கள் அந்தத் துடிப்பையே கடிகாரமாக எடுத்துக்கொண்டன. ஒரு டிக் என்றால் 20 மில்லிவினாடி. சாதாரணமாக ஒரு வரிக்கு 6 டிக், அதாவது 120 மில்லிவினாடி. 64 வரிக்கு 7.68 வினாடி. வேகத்தை மாற்ற எஃப் என்ற கட்டளை. பழைய முறையில் அதன் எண் எதுவானாலும் "வரிக்கு எத்தனை டிக்" என்றே பொருள். பின்னால் வந்த டிராக்கர்கள் திரையை விட்டுவிட்டு வேறு கடிகாரத்துக்கு மாறின. அப்போது 32க்குக் குறைந்த எண் என்றால் டிக் கணக்கு, 32உம் அதற்கு மேலும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று பொருள் மாறியது. கோப்பில் எந்த முறை என்று எழுதி வைக்கவில்லை. பிளேயர் ஊகிக்க வேண்டியிருக்கிறது, சில நேரம் ஊகம் பிழைக்கிறது.

எக்ஸ்எம்பிக்கு "--விபிளாங்க்" என்று சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பழைய திரைக் கடிகார முறைப்படி இசைக்கும். பெரும்பாலும் அங்கேயே சரியாகும்.

மத்திய வீதி, கலியாண வீடியோ எடுப்பவர்: என்னிடம் நூற்றுக்கணக்கான மொட் கோப்புகள் இருக்கின்றன, ஒன்றும் இந்தப் பிளேயர்களில் திறக்கவில்லை.

ஒவ்வொன்றும் எத்தனை மெகாபைட்? நூற்றுக்கணக்கில் என்றால் அவை பாட்டு இல்லை, வீடியோ. ஜேவிசி கேம்கோடர்கள் சிலவும் அதே மொட் என்ற பின்னொட்டைப் பயன்படுத்தின. உள்ளே இருப்பது எம்பெக்-2 வீடியோ. விஎல்சியில் திறந்து பாருங்கள், அல்லது பிரதி ஒன்று எடுத்து அதன் பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றுங்கள். யாருடைய கலியாணமோ, மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

இதற்கு மறுதலையும் உண்டு. அமிகாவில் பின்னொட்டு வைக்காமல் முன்னால் "மொட்." என்று எழுதுவார்கள். பெயர் பின்னால் வரும். நம் பிளேயர்கள் கோப்பின் உள்ளே பார்த்தே அடையாளம் காண்பதால் அவற்றை மாற்றத் தேவையில்லை.

அநுராதபுரச் சந்தி, ஓட்டோ ஓட்டுபவர்: இதை என் ஓட்டோ செட்டில் பென் டிரைவில் போட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம் அண்ணா, முதலில் மாற்ற வேண்டும். "ஓப்பன்எம்பிடி123 --ரெண்டர் --நோ-ஃப்ளோட்" என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பக்கத்திலேயே வேவ் கோப்பு ஒன்று உருவாகும். அந்த "--நோ-ஃப்ளோட்" என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் எழுதும். வாகன செட்கள் பல அதைத் திறக்காமல் பேசாமல் இருக்கும். நான் ஒரு மாலை முழுக்க செட்டைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

வேவ் பெரிதாக இருக்கும். 48,000 ஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் மூன்று நிமிடத்துக்கு 34.5 மெகாபைட் அளவு. அதை எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளைக் கொண்டு எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள். ஓட்டோவுக்கு எம்பி3 போதும். மூல மொட் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம். மொட்டிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் வரும், எம்பி3இலிருந்து மொட் ஒருபோதும் வராது.

சீனக்குடா, வலையமைப்பு வேலை: வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தூர இணைப்பு வழியாக உள்ளே போய்ப் பாட்டைப் போட்டேன். எண்கள் ஓடுகின்றன, சத்தம் இல்லை.

சத்தம் அந்த ராஸ்பெரி பையில்தான் வரும், உங்கள் கையிலுள்ள கணினியில் வராது. அதில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியும் வரவில்லை என்றால் ஒலி எச்டிஎம்ஐ என்ற திரைக் கம்பி வழியே போய்க்கொண்டிருக்கக்கூடும்.

மூதூர், தாய் ஒருவர்: மகன் எங்கெங்கோ இருந்து இறக்குகிறான். வைரஸ் வருமா?

அக்கா, மொட் கோப்பு தானாக இயங்கும் நிரல் இல்லை, தரவு மட்டும்தான். ஆனாலும் வேண்டுமென்றே கோணலாக எழுதிய கோப்பு ஒன்றால் பிளேயரில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்த முடியும். அதனால்தான் ஓப்பன்எம்பிடிக்காரர்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுகிறார்கள். மகனை மாதம் ஒருமுறை பிளேயரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பாட்டு என்று சொல்லி எக்ஸி என முடியும் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம்.

லிங்கநகர், பல்கலைக்கழக மாணவி: சாம்பிள் பெயரில் தமிழில் எழுதலாமா?

எழுதினால் குப்பையாகத்தான் தெரியும் தங்கச்சி. அந்த 22 இடம் என்பது 22 பைட். யுனிகோட் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும், ஆக 7 குறிதான் கொள்ளும். "திருகோணமலை" என்பதே 10 குறி. அது மட்டுமில்லை, பிளேயர்கள் அந்த இடத்தைப் பழைய ஐரோப்பியக் குறியாக்கமாக எடுத்துக்கொண்டு படிக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். இப்போதைக்குக் கோப்பின் பெயரைத் தமிழில் வையுங்கள், லினக்ஸில் அதற்குத் தடை இல்லை.

சங்கீத ஆசிரியை ஒருவர்: நம் தவிலையும் உடுக்கையும் இதற்குள் கொண்டுவர முடியுமா? தாளம் ஒத்து வருமா?

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சாம்பிள் எடுப்பது சுலபம். மொட் கோப்பில் ஒரு சாம்பிள் 128 கிலோபைட் வரை இருக்கலாம், இயல்பான சுருதியில் ஏறக்குறைய 16 வினாடி. தவிலின் ஒரு சொல்லுக்கு அரை வினாடியே அதிகம். வலந்தலை, தொப்பி என்று தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் மெதுவாக ஒன்று பலமாக ஒன்று பதிவு செய்யுங்கள். கோணேசர் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் பதிவு செய்தால் கடற்காற்றும் சேர்ந்து வரும், அறைக்குள் எடுப்பதே நல்லது.

தாளத்தில்தான் சுவை. 64 வரி என்பது ஆதி தாளத்துக்குச் செய்து வைத்தது போல: எட்டு அட்சரம், அட்சரத்துக்கு எட்டு வரி. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிசிர சாபு வந்தால் 7 ஆல் 64 வகுபடாது. அப்போது 56ஆவது வரியில், அதாவது 0இலிருந்து எண்ணினால் 55இல், டி00 என்று எழுதுங்கள். "இந்தப் பட்டர்ன் இதோடு முடிந்தது, அடுத்ததன் முதல் வரிக்குப் போ" என்று அதற்குப் பொருள். திசிர நடைக்கு அட்சரத்துக்கு ஆறு வரி வைத்து 48ஆவது வரியில், அதாவது 0இலிருந்து எண்ணினால் 47இல், வெட்டுங்கள். எக்ஸ்எம் வடிவத்தில் இன்னும் சுகம். 1994இல் ஃபாஸ்ட்டிராக்கர் 2உடன் வந்த வடிவம் அது. 32 தடம் வரை, பட்டர்னுக்கு 1 முதல் 256 வரி வரை நீங்களே வைக்கலாம். 56 என்று வைத்தால் வெட்டவே தேவையில்லை. எழுதுவதற்கு மில்க்கிடிராக்கர் என்ற மென்பொருள் போதும்.

உடுக்கையின் இழுப்புக்கு 3 என்ற கட்டளை, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அசைவுக்கு 4. நாதஸ்வரத்தின் கமகத்தை இவை முழுதாகத் தொடாது, அதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீளமான கமகத்தை அப்படியே ஒரே சாம்பிளாகப் பதிவு செய்வதுதான் வழி.

எழுதி முடித்ததும் எக்ஸ்எம்பியில் "--லூப்" போட்டு ஓடவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். வெட்டு ஒரு வரி தள்ளி விழுந்திருந்தாலும் மூன்றாவது ஆவர்த்தனத்துக்குள் உங்கள் கை காட்டிக்கொடுத்துவிடும். அப்படி விழுந்தால் 55க்குப் பதில் 56இல் டி00 எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எல்லாரும் அங்கேதான் தவறுகிறோம்.