கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு யார்கிட்ட போகணும்? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

பக்கவாதம் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கரோடிட் அடைப்பு, அதாவது கழுத்து வழியா மூளைக்கு போற ரத்தக்குழாய்ல வர்ற அடைப்பு பத்திதான் இருந்துச்சு. அதுலயும் நிறைய பேரு வியாதி என்னன்னு கேக்கல, யார்கிட்ட போகணும்னுதான் கேட்டிருக்காங்க. நியாயமான குழப்பம். ஒரே ஒரு குழாய்க்கு நாலஞ்சு விதமான டாக்டருங்க இருக்காங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: டாக்டர் வணக்கம். அப்பாவுக்கு 72 வயசு. ரெண்டு நாள் முன்னாடி பேப்பர் படிச்சிட்டு இருக்கும்போது வலது கண்ணுல மட்டும் மேலேருந்து திரை இறங்கின மாதிரி இருட்டாயிடுச்சுன்னார், அஞ்சு நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு. கண் டாக்டர் பாத்துட்டு கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க சொன்னார். வலது பக்கம் 80 சதவீதம் அடைப்புன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஹார்ட் டாக்டர் ஸ்டென்ட் வைக்கலாம்ங்கிறார், தெரிஞ்சவங்க ஆபரேஷன்தான் நல்லதுங்கிறாங்க, சித்தப்பா மூளைக்கு போற குழாய்ன்னா நியூராலஜிஸ்ட்தானேங்கிறார். அப்பா என்னடான்னா அதான் சரியாயிடுச்சே அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்றார். நாங்க யாரை பாக்கறது?

பதில்: அம்மா, உங்க கடிதம் கைக்கு வந்த அன்னிக்கே உங்களுக்கு தனியா பதில் போட்டுட்டேன், ஏன்னா பத்திரிகைல வர்ற வரைக்கும் காத்திருக்கற விஷயம் இல்ல இது. மத்தவங்களுக்கும் பயன்படும்னுதான் இங்க விவரமா எழுதறேன்.

உங்க கண் டாக்டருக்கு மொதல்ல நன்றி சொல்லுங்க. கண்ணுல ஒண்ணும் இல்லன்னு அனுப்பி வைக்காம கழுத்தை பாக்க சொன்னாரு பாருங்க, அங்கதான் உங்க அப்பாவோட அதிர்ஷ்டம் இருக்கு. கழுத்துல ரெண்டு பக்கமும் கை வெச்சா துடிக்குதே அந்த கரோடிட் குழாய் தாடைக்கு கீழ ரெண்டா பிரியும், ஒண்ணு முகத்துக்கு, இன்னொண்ணு மூளைக்கு. அந்த மூளைக்கு போற கிளைலேருந்துதான் கண்ணுக்கும் ரத்தம் போகுது. கொழுப்பு படியறது பெரும்பாலும் அந்த பிரியற இடத்துலதான். அங்கேருந்து ஒரு சின்ன துணுக்கு உடைஞ்சு போய் கண்ணோட குழாய்ல சிக்கி, அதுவா நகர்ந்தோ கரைஞ்சோ போயிருக்கு, அதான் அஞ்சு நிமிஷம். அடுத்த துணுக்கு அதே பக்கம் மூளைக்குள்ள போச்சுன்னா இடது கை கால் விழுந்துடும். அப்பாவுக்கு வந்த மாதிரி வந்து தானா சரியாகறத மினி ஸ்ட்ரோக்னு சொல்றாங்க, அந்த மினிங்கற வார்த்தையே எனக்கு பிடிக்கல, கேக்கறவங்க சின்ன விஷயம்னு நெனச்சிடறாங்க. அடுத்த பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து ரொம்ப அதிகமா இருக்கறதே மொத சில நாள்லதான்.

இப்ப யார்கிட்டங்கறதுக்கு வர்றேன். உங்க சித்தப்பா சொன்னதுதான் சரி, மொதல்ல நியூராலஜிஸ்ட், அதுவும் ஸ்ட்ரோக் பாக்கறவர் கிடைச்சா இன்னும் நல்லது. நேரத்துக்கு கிடைக்கலன்னா ஸ்ட்ரோக் வசதி இருக்கற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே போயிடலாம், தப்பே இல்ல. அவர் கத்தி எடுக்க மாட்டார், குழாயை உள்ளேருந்து விரிச்சு வைக்கற வலையான ஸ்டென்ட்டும் பெரும்பாலும் வைக்க மாட்டார், அதனாலதான் அவர்கிட்ட மொதல்ல போக சொல்றேன். வந்த அறிகுறி நெஜமாவே இந்த அடைப்பாலதானா, இல்ல இதயத்துடிப்பு தாறுமாறா இருந்து அங்கேருந்து ரத்தக்கட்டி கிளம்பிச்சான்னு பிரிச்சு பாக்கறது அவர் வேலை. மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பார், ஈசிஜி பாப்பார், ரத்தம் கட்டாம இருக்க மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் அன்னிக்கே ஆரம்பிச்சிடுவார். டாப்ளர் ஒண்ண மட்டும் வெச்சு பெரும்பாலும் முடிவு பண்ண மாட்டாங்க, சிடி ஆஞ்சியோவோ எம்ஆர் ஆஞ்சியோவோ எடுத்து உறுதி பண்ணிக்குவாங்க. அப்பாவுக்கு கிட்னி பிரச்சினையோ சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோ இருந்தா ஸ்கேனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஸ்கேன்ல குழாய் தெளிவா தெரியறதுக்கு ஊசில ஏத்தற சாயம் கிட்னி வழியாதான் வெளிய போகும்.

அடுத்தது வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்றவர். கழுத்துல வெட்டி குழாயை திறந்து உள்ள படிஞ்சிருக்கறத வழிச்சு எடுத்துட்டு தைக்கற ஆபரேஷன் இது, எண்டார்டெரக்டமின்னு பேரு, அமெரிக்க சர்ஜன் டிபேக்கி 1953லயே பண்ணினது, புதுசா யாரும் பரிசோதனை பண்ணி பாக்கறாங்களோன்னு பயப்பட வேண்டாம். சில இடங்கள்ல நியூரோ சர்ஜனும் இத பண்றாங்க. ஸ்டென்ட் பக்கம் வந்தா, ஸ்கேன் படத்தை பாத்துக்கிட்டே குழாய் வழியா வைத்தியம் பண்ற இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், மூளைக்குழாய்க்குன்னே இருக்கற நியூரோ இன்டர்வென்ஷன் டாக்டர், கார்டியாலஜிஸ்ட், வாஸ்குலர் சர்ஜன்னு எல்லாருமே வைக்கறாங்க. ஆக ஹார்ட் டாக்டர் சொன்னதும் தப்பு இல்ல. ஆனா அவரவர் கைல இருக்கற வித்தைதான் அவரவர் வாய்ல மொதல்ல வரும், அது மனுஷ இயல்பு, கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன். எந்த கதவை மொதல்ல தட்டினோம்ங்கறது உங்க அப்பாவோட வைத்தியத்தை முடிவு பண்ணிடக்கூடாது, நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

கணக்கையும் சொல்லிடறேன். 1991ல வட அமெரிக்கால வெளியான பெரிய ஆய்வு ஒண்ணு, நாஸ்செட்னு சொல்லுவாங்க. அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல அடைப்பு இருந்தவங்கள்ல, மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு ரெண்டு வருஷத்துல நூத்துக்கு 26 பேருக்கு அந்த பக்க ஸ்ட்ரோக் வந்துச்சு, ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு 9 பேருக்குத்தான் வந்துச்சு. பெரிய வித்தியாசம். ஆனா இந்த பலன் நாளாக ஆக தேஞ்சு போகும், அறிகுறி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணினாதான் முழுசா கிடைக்கும். அப்பாகிட்ட இத அப்படியே படிச்சு காட்டுங்க. சரியாயிடுச்சேன்னு ஒரு பெரியவர் இதே மாதிரி தள்ளிப்போட்டு, மூணாவது வாரம் ஸ்ட்ரெச்சர்ல என்கிட்ட வந்தார், பேச்சு போயிருந்துச்சு. அவர் பொண்ணு முகம் இன்னும் எனக்கு மறக்கல.

ஸ்டென்ட்டா ஆபரேஷனாங்கறதுக்கு 2010ல வந்த க்ரெஸ்ட் ஆய்வுல ஓரளவு விடை இருக்கு. மொத்தமா பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமம், ஆனா ஸ்டென்ட் வெச்ச சமயத்துல ஸ்ட்ரோக் கொஞ்சம் அதிகம், ஆபரேஷன் சமயத்துல ஹார்ட் அட்டாக் கொஞ்சம் அதிகம். சுமார் 70 வயசுக்கு மேல ஆபரேஷன் பக்கம் தராசு சாயுது. வயசானவங்களுக்கு குழாய் வளைஞ்சு நெளிஞ்சு சுண்ணாம்பு ஏறி இருக்கும், தொடைலேருந்து கம்பியை கழுத்து வரைக்கும் ஏத்தும்போதே துணுக்கு உடையற வாய்ப்பு இருக்கு. அதனால உங்க அப்பாவுக்கு நான் ஆபரேஷனைத்தான் மொதல்ல யோசிப்பேன். இதயம் ரொம்ப பலவீனமா இருந்தாலோ, கழுத்துல முன்னாடியே ஆபரேஷனோ ரேடியேஷனோ ஆகியிருந்தாலோ ஸ்டென்ட் நல்லது. தொடை வழியா போகாம கழுத்துல காறை எலும்புக்கு மேல சின்னதா வெட்டி, ரத்தத்தை கொஞ்ச நேரம் திருப்பி விட்டுட்டு ஸ்டென்ட் வைக்கற முறையும் இருக்கு, எல்லா ஊர்லயும் கிடைக்காது.

யார் பண்றதா இருந்தாலும் தயங்காம கேளுங்க, டாக்டர் நீங்க வருஷத்துக்கு எத்தன பண்றீங்க, அதுல ஒரு மாசத்துக்குள்ள எத்தன பேருக்கு ஸ்ட்ரோக்கோ உயிருக்கு ஆபத்தோ ஆச்சுன்னு. அறிகுறி வந்தவங்கள்ல அது நூத்துக்கு 6ஐ தாண்டக்கூடாதுங்கறது உலகம் பூரா ஒத்துக்கிட்ட வரம்பு. நல்ல டாக்டர் இந்த கேள்விக்கு கோச்சுக்க மாட்டார்.

கேள்வி: சார், எனக்கு அடிக்கடி தலை சுத்துது, பின்கழுத்து வலியும் இருக்கு. டாப்ளர்ல ரெண்டு பக்கமும் 30 சதவீதம்னு வந்துச்சு. வாஸ்குலர் சர்ஜன்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் சார். வெறும் தலைசுத்தலும் கழுத்து வலியும் கரோடிட் அடைப்போட அறிகுறியே இல்ல. தலை சுத்தறதுக்கு காது, பிரஷர், மாத்திரை, சில நேரம் பின்மூளைக்கு போற வேற குழாய்னு பல காரணம் உண்டு. 30 சதவீதத்துக்கு ஆபரேஷனும் கிடையாது ஸ்டென்ட்டும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது உங்க குடும்ப டாக்டர்தான், பிரஷர், சுகர், கொழுப்பு மூணையும் அவர் கட்டுக்குள்ள வெச்சா போதும். சிகரெட் இருந்தா இன்னியோட நிறுத்துங்க.

கேள்வி: எனக்கு 61 வயசு, எந்த தொந்தரவும் இல்ல. ஹெல்த் செக்கப்ல இடது பக்கம் 65 சதவீதம் அடைப்புன்னு வந்து, உடனே ஸ்டென்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. தூக்கமே வரல டாக்டர்.

பதில்: மொதல்ல தூங்குங்கம்மா. மேல எழுதின அவசரம் உங்களுக்கு பொருந்தாது. அறிகுறி வந்த அடைப்பும் வராத அடைப்பும் கிட்டத்தட்ட வேற வேற வியாதி மாதிரி. 1995ல அறிகுறி இல்லாதவங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, 60 சதவீதத்துக்கு மேல இருந்தவங்கள்ல அஞ்சு வருஷத்துல ஸ்ட்ரோக் ஆபத்து மாத்திரைல நூத்துக்கு 11, ஆபரேஷன்ல 5. அதாவது வருஷத்துக்கு சுமாரா ஒருத்தர்தான் வித்தியாசம். அதுவும் கொழுப்பை குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரை இன்னிக்கு மாதிரி புழக்கத்துல இல்லாத காலத்து கணக்கு, இப்ப மாத்திரைலயே ஆபத்து இன்னும் குறைஞ்சிருக்கு. அறிகுறி இல்லாதவங்களுக்கு இந்த ஸ்கேனை பொதுவா எடுக்கவே வேண்டாம்னுதான் அமெரிக்க தடுப்பு மருத்துவ குழு 2021லயும் சொல்லிச்சு. எடுத்தாச்சு, இனி என்ன பண்றது.

ஸ்டென்ட் வைக்காத ஒரு நியூராலஜிஸ்ட்கிட்டயும் ஒரு வாஸ்குலர் சர்ஜன்கிட்டயும் தனித்தனியா கருத்து கேளுங்க, அதுக்கு உங்களுக்கு நேரம் இருக்கு. அடைப்பு வேகமா ஏறுதா, மூளை ஸ்கேன்ல உங்களுக்கே தெரியாம வந்துபோன தழும்பு இருக்கா, படிஞ்சிருக்கறது லேசா உடையற ரகமான்னு பாத்துட்டு சிலருக்கு பண்றது நல்லதுன்னு சொல்லுவாங்க. அப்படி பண்ணினா ஸ்ட்ரோக், உயிர் ஆபத்து ரெண்டும் சேந்து நூத்துக்கு 3க்கு கீழ இருக்கற கையா இருக்கணும். இல்லன்னா மாத்திரை, ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு டாப்ளர். ஒரு விஷயம் மட்டும் விட்டுடாதீங்க, கழுத்துல அடைப்பு இருக்கறவங்களுக்கு இதய குழாய்லயும் இருக்க வாய்ப்பு நிறைய, அதனால கார்டியாலஜிஸ்ட்டை ஒரு தடவை பாத்துடுங்க. ஸ்டென்ட்டுக்காக இல்ல, இதயத்துக்காக.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் நூறு சதவீதம் அடைச்சிருக்கு. 80 சதவீதத்துக்கு ஆபரேஷன் பண்றவங்க இவருக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. கைய விட்டுட்டாங்களா?

பதில்: இல்லம்மா, சத்தியமா இல்ல. இந்த கேள்விய கேக்கற எல்லாரும் உங்கள மாதிரி கலங்கித்தான் கேக்கறாங்க, ஆஸ்பத்திரில ஒரு நிமிஷம் உக்காந்து விளக்கியிருந்தா இந்த கலக்கம் வந்திருக்காது. பாதி அடைச்ச குழாய்ல ரத்தம் ஓடறதாலதான் துணுக்கு பிச்சிக்கிட்டு மேல போகுது. முழுசா மூடி நாளாச்சுன்னா அந்த வழியில பெரும்பாலும் ஓட்டமும் இல்ல, துணுக்கு போக வழியும் இல்ல. அத திறக்க போனாதான் உள்ள உறைஞ்சு கிடக்கறது மேல போற ஆபத்து. மூளையோட அடில குழாய்கள் எல்லாம் வளையம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும், 1664லயே வில்லிஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் விவரமா எழுதி வெச்சார், இன்னிக்கும் அவர் பேருதான். ஒரு பக்கம் மூடினா அடுத்த பக்கத்துலேருந்து அந்த வளையம் வழியா பெரும்பாலும் ரத்தம் வந்துடும். அதனால இனி முக்கியம் அந்த நல்ல பக்கம், அதுக்கு ஒழுங்கா டாப்ளர் பாக்கணும். நியூராலஜிஸ்ட்தான் அவரோட டாக்டர். பிரஷர் மாத்திரைய நீங்களா கூட்டாதீங்க, இவருக்கு ரொம்ப இறங்கினாலும் கெடுதல்.

கேள்வி: 34 வயசு தம்பிக்கு ஜிம்ல கழுத்து சடக்குன்னு திரும்பிடுச்சு. அன்னிலேருந்து ஒரு பக்கம் கழுத்து வலி, அதே பக்கம் கண் இமை லேசா தொங்குது. பிசியோதெரபி போதுமா?

பதில்: போதாது, கழுத்துல யாரும் கை வைக்கவே கூடாது. கழுத்து ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம், சின்ன வயசுல ஸ்ட்ரோக் வர்றதுக்கு இது முக்கியமான காரணம். உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போய் இமை தொங்கறத சொல்லி, நியூராலஜிஸ்ட் பாக்கணும்னு கேளுங்க. கிழிசலே இருந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது, ரத்தம் கட்டாம இருக்க மருந்து குடுத்து சில மாசத்துல ஆறிடும்.

கேள்வி: அம்மாவுக்கு கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. குரல் கம்மியிருக்கு, நாக்கை நீட்டினா ஒரு பக்கமா போகுது. திரும்ப ஸ்ட்ரோக்கா?

பதில்: புதுசா கை கால் பலவீனமோ முகம் கோணலோ இல்லாம இது மட்டும்னா, நாக்குக்கும் குரலுக்கும் போற நரம்பு அந்த குழாயை ஒட்டியே ஓடுது, ஆபரேஷன்ல இழுபட்டிருக்கும். பெரும்பாலும் சில வாரத்துலேருந்து சில மாசத்துல சரியாயிடும். ஆனா இது நீங்களோ நானோ வீட்ல உக்காந்து தீர்மானிக்கற விஷயம் இல்ல, இன்னிக்கே சர்ஜனுக்கு போன் பண்ணி சொல்லுங்க, தண்ணி குடிக்கும்போது புரை ஏறினா காது மூக்கு தொண்டை டாக்டரும் பேச்சுப் பயிற்சி குடுக்கறவரும் சீக்கிரமே பாக்கணும்.

இத விட நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு. அடைப்பு எடுத்ததும் இத்தன நாள் ரத்தம் கம்மியா பாத்த மூளைப்பகுதிக்கு திடீர்னு நிறைய ரத்தம் போகும், மொத ஒரு வாரம் பத்து நாள்ல பிரஷர் ஏறினா அது வீங்கவோ கசியவோ வாய்ப்பு இருக்கு. அதனால வீட்லயே காலைல சாயங்காலம் பிரஷர் பாத்து எழுதி வைங்க, ஆபரேஷன் பண்ணின பக்கம் கடுமையா தலை வலிக்குதுன்னாலோ வலிப்பு வந்தாலோ தலைவலி மாத்திரைய குடுத்து படுக்க வைக்காம நேரா ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போங்க, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் சரி.