நாற்காலியை மாற்றுங்கள், ஸ்பீக்கரையும்

கேள்வி: எனக்கு வயது 61. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டர் அமைத்து, இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிப் பழகுகிறேன். ரடரை, அதாவது விமானத்தை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பை, காலால் இயக்கும் பெடல்கூட வாங்கிவிட்டேன். ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடுகிறது. தப்பித்தவறி மேலே ஏறினால் எஞ்சின் சூடாகித் தீப்பிடிக்கிறது. அடுத்து அதைவிடப் பெரிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29-இல் இந்தியாவின் கரக்பூரிலிருந்து சிங்கப்பூரில் எங்கள் செம்பவாங்குக்கே வர ஆசை. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார். ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஐந்து வயது. பேசாமல் எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?
— செம்பவாங் வாசகர்

பதில்: விற்க வேண்டாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள்? சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் பாதிச் சிக்கல் அங்கேதான். நம் வீவக அடுக்குமாடி வீட்டு வழுவழுத் தரையில் வலது பெடலை அழுத்தினால், பெடல் இறங்காது, நாற்காலிதான் பின்னால் நழுவும். நானும் ஒரு மாதம் விமானத்தைத் திட்டிக்கொண்டு காலை நீட்டி நீட்டி மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இடித்த அன்றுதான் விஷயம் புரிந்தது. கோப்பிக் கடை பிளாஸ்டிக் நாற்காலி போதும். பெடலுக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் விரியுங்கள்.

மீதிப் பாதி விமானத்தின் சுபாவம். பி-17-க்கு வாலில்தான் மூன்றாவது சக்கரம். நான்கு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுற்றுவதால் மூக்கு இடப்பக்கம் திரும்பத்தான் பார்க்கும். ஓடுபாதையில் நேராக நின்றதும் வால்சக்கரப் பூட்டைப் போடுங்கள். எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்லக் கொடுங்கள், இடப்பக்க எஞ்சின்களுக்கு ஒரு விரல் அளவு முந்தி. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய பிரிட்டிஷ் விமானிகளும் இப்படித்தான் சமாளித்தார்கள். வேகம் கூடினால் ரடருக்குக் காற்று பிடித்துவிடும், அப்புறம் பெடலே போதும்.

தீப்பிடிப்பதற்குக் காரணம், பெரும்பாலும், ஏறிய பிறகும் முழு பவரிலேயே விட்டுவைப்பது. ஒவ்வொரு எஞ்சினும் 1,200 குதிரைத்திறன், காற்றால் மட்டுமே குளிர்பவை. புறப்படும்போது மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 46 அங்குலம் இருக்கலாம். சக்கரம் உள்ளே போனதும் 38 அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 2,300 சுற்றுக்கும் இறக்குங்கள். மூக்கைத் தூக்கிப் பிடித்து ஏறாதீர்கள், வேகம் குறைந்தால் காற்றும் குறையும். எஞ்சினைச் சுற்றியுள்ள காற்றுக் கதவான கவுல் ஃபிளாப்பை வெப்பமானியைப் பார்த்துத் திறந்து மூடுங்கள்.

இதையெல்லாம் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். கௌரவக் குறைச்சல் இல்லை. 1935 அக்டோபர் 30 அன்று இதே பி-17-இன் முதல் மாதிரி, ஒஹாயோவில் ரைட் ஃபீல்டிலிருந்து கிளம்பிய கையோடு விழுந்தது. தரையில் நிற்கும்போது ரடர் போன்ற அசையும் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்க மாட்டிய பூட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் பழுத்த அனுபவசாலிகள், இரண்டு பேர் உயிர் போயிற்று. விமானிகள் கையில் செக்லிஸ்ட் வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, அம்மா. 1941 டிசம்பர் 8 விடிகாலை ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரில் குண்டு போட்டன. தெருவிளக்குகூட அணைக்கப்படவில்லை. 61 பேர் இறந்தார்கள். உங்கள் ஸ்பீக்கரில் கேட்பது அமெரிக்க எஞ்சின்தான், ஆனால் கீழே நின்று கேட்ட குழந்தைக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தானே. "வெறும் விளையாட்டும்மா" என்று விளக்கப் போகாதீர்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்குங்கள், உறுமல் சத்தம் தரும் வூஃபர் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். அந்த அதிர்வு கதவைச் சாத்தினாலும் தரை வழியாகப் போகும். கீழ்வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

நீங்கள் ஆசைப்படும் அந்தப் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1944 நவம்பரில் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து 76 பி-29 விமானங்கள் கிளம்பின. ஒருவழியே சுமார் 3,000 கிலோமீட்டர். எரிபொருளே பாரமாகிவிட்டதால் ஆளுக்கு இரண்டே குண்டுகள். நவம்பர் 5 காலை 53 விமானங்கள், அப்போது ஜப்பானியர் கையில் இருந்த சிங்கப்பூரில் குண்டு போட்டன. குறி, செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் பழுதுபார்க்கும் துறை. அது மூன்று மாதம் முடங்கியது. அங்கே வேலையில் இருந்தவர்களும் செத்தார்கள். அந்தத் தளத்தில் நம்மவர்கள், மலையாளிகள் என்று எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

அன்று உங்கள் அம்மாவுக்கு எட்டு வயது இருக்கும். எங்கே இருந்தார் என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது, ஒருமுறை கேளுங்கள். சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், செம்பவாங் பயணத்தையும் சேர்த்து.

பி-29-ஐப் பழக வேறு வழி இருக்கிறது. 1944 ஆகஸ்டில் அதே கரக்பூர் விமானங்கள் இலங்கையின் திருகோணமலை சீனக்குடாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. குண்டு ஏற்றாமல் அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். சுமார் 1,650 கிலோமீட்டர், வலப்பக்கம் இந்தியாவின் கிழக்குக் கடற்கரை. முன்சக்கரம் இருப்பதால் தரையில் அவ்வளவாக இழுக்காது. ஆனால் சூடாவதில் பி-17-க்கு அண்ணன், வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.